பிர்அவ்ன் வேறு, காரூன் வேறு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய திருத்தூதராம் நமது நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



நம்மவர்கள் நாலு பேர் கூடுகின்ற இடத்தில் அரசியல் பேச்சு எழாமலிருப்பதில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும், இரவில் தேத்தண்ணீர்க் கடை மேஜையிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. ஒருவர், "ஜனநாயகந்தான் இஸ்லாம்" என்கிறார். மற்றொருவர், "இல்லை, ஏழைக்கு இரங்கும் சமதர்மமே இஸ்லாம்" என்கிறார். மூன்றாமவர், "வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான்; ஆகவே முதலாளித்துவத்தில் குற்றமில்லை" என்று வாதிக்கிறார். நாலாமவரோ, "கிலாபத் வந்தால்தான் எல்லாம் சீர்ப்படும், அதுவரை உலகத்தோடு ஒத்துப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

நால்வரும் நல்லவர்களே. ஆனால் நால்வருடைய பேச்சிலும் ஒரே பிசகு இருக்கிறது. இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டார்கள். அவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தாலன்றி, நம் மார்க்கம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது விளங்காது. ஆதலால் அதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோமாக.

முதற் கேள்வி ஆட்சியைப் பற்றியது. நம்மை ஆளுபவர் யார்? அவர் எவ்வழியாகப் பதவிக்கு வந்தார்? அவர் தவறு செய்தால் தட்டிக் கேட்பது யார்? அவரை இறக்குவது எப்படி? முடியாட்சி, குடியாட்சி, சர்வாதிகாரம் என்பனவெல்லாம் இக்கேள்விக்கு மனிதர்கள் கண்ட விடைகளாகும்.

இரண்டாவது கேள்வி பொருளைப் பற்றியது. நிலம், சுரங்கம், ஆலை, கடை இவையெல்லாம் யாருக்குச் சொந்தம்? விலையையும் கூலியையும் தீர்மானிப்பவர் யார்? உண்டான செல்வம் யார் யாருக்கு எந்த அளவில் போய்ச் சேருகிறது? முதலாளித்துவம், சமதர்மம், பொதுவுடைமை என்பன இக்கேள்விக்குரிய விடைகள்.

முதற் கேள்விக்கு ஒரு விடை சொன்னால் இரண்டாவது கேள்விக்கும் அதனோடு ஒட்டிய ஒரே விடைதான் என்று நினைப்பது தவறு. இதற்கு உலக சரித்திரமே சாட்சி.

பிரிட்டனைப் பாருங்கள். 1945-ம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி வெற்றி பெற்று, அட்லி பிரதமரானார். 1947-ல் நிலக்கரிச் சுரங்கங்களும், 1948-ல் ரயில் பாதைகளும் அரசாங்க உடைமையாயின. அதே 1948-ல், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி யாவருக்கும் இலவச வைத்தியம் ஏற்பட்டது. இவ்வளவும் நடந்தபோது சிங்காசனத்தில் மன்னர் இருந்தார், பாராளுமன்றம் இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது. 1951-ல் எதிர்க்கட்சிக்கு அதிக இடங்கள் கிடைத்ததும் அட்லி பதவியை விட்டு இறங்கிப் போய்விட்டார். பொருளாதாரத்தில் பெரிய மாறுதல் உண்டாயிற்று. ஆட்சி முறையில் ஒரு தூணும் அசையவில்லை.

தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தைப் பாருங்கள். 1970-ல் அயெண்டே என்பவர் வாக்குப் பெட்டியின் வழியாகவே ஜனாதிபதியாகிச் சமதர்மத் திட்டங்களை நடத்த முற்பட்டார். 1973-ல் படைத் தளபதி பினோசே அந்த ஆட்சியைக் கவிழ்த்தார். அதன்பின் 1990 வரை அங்கே நடந்தது இராணுவ ஆட்சி. அக்காலத்தில் வியாபாரத்துக்கு மிகுந்த சுதந்திரம் அளிக்கப்பட்டது. வாய் திறந்து பேசிய மனிதனுக்கோ சிறை கிடைத்தது. தனியுடைமை இருக்குமிடத்தில் மக்களுடைய சுதந்திரமும் தானாகவே வந்துவிடும் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீன தேசத்தில் 1949 முதல் ஒரே கட்சியின் ஆட்சி நடக்கிறது. ஆனால் 1978-க்குப் பிறகு தனியார் வியாபாரத்துக்கும் அந்நிய முதலுக்கும் படிப்படியாகக் கதவு திறக்கப்பட்டது. ஆட்சி மாறவில்லை, பொருளாதாரம் உருமாறிவிட்டது. நம்மில் பலருடைய பூர்வீக ஊர்களுக்கு அண்டையிலுள்ள கேரளத்திலோ, 1957-ல் பொதுவுடைமைக் கட்சியினர் தேர்தலில் ஜெயித்து மந்திரி சபை அமைத்தனர். 1959-ல் மத்திய அரசாங்கம் அதைக் கலைத்தது. அவர்கள் துப்பாக்கியுடன் வரவுமில்லை; துப்பாக்கியால் போகவுமில்லை.

ஆகவே, ஒரு நாட்டின் ஆட்சி முறையைச் சொன்ன மாத்திரத்தில் அதன் பொருளாதாரத்தைச் சொல்லிவிட்டதாகாது. பொருளாதாரத்தைச் சொன்னதனால் ஆட்சியைச் சொல்லிவிட்டதாகாது.

இனி, நமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். திருக்குர்ஆன் இந்த வேற்றுமையை நமக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மூஸா நபி (அலை) அவர்களின் சரித்திரத்தில் இரண்டு கொடியவர்கள் வருகிறார்கள். ஒருவன் பிர்அவ்ன், மற்றவன் காரூன். பிர்அவ்ன் அரசன். அவனுடைய குற்றம் அதிகாரக் குற்றம். மக்களைப் பிரிவு பிரிவாக்கி, ஒரு கூட்டத்தாரைப் பலவீனப்படுத்தி, அவர்களுடைய ஆண் மக்களைக் கொன்றான். தன்னைக் கேட்பார் இல்லை என்று கொக்கரித்தான். காரூனோ அரசனல்லன். மூஸா நபியின் கூட்டத்திலேயே பிறந்தவன். அவனுடைய பொக்கிஷங்களின் திறவுகோல்களைச் சுமப்பதே பலசாலிகளுக்குப் பாரமாயிருந்தது. "இது என் அறிவினால் கிடைத்தது" என்பது அவன் எண்ணம். பிறருக்கு அதில் பங்குண்டு என்பதை அவன் ஒப்பவில்லை. அவனுடைய குற்றம் பொருட் குற்றம்.

இருவருக்கும் கிடைத்த தண்டனையும் வேறு வேறானது. பிர்அவ்னைக் கடல் விழுங்கிற்று. காரூனைப் பூமி விழுங்கிற்று. பிர்அவ்ன் அழிந்தால் போதும், எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுகிறவர்கள், கொடுங்கோலனுக்கு அடிமைப்பட்டிருந்த அதே சமூகத்தின் உள்ளேயே ஒரு காரூன் இருந்தான் என்பதை மறக்கலாகாது.

மத்யன் நகரத்தாருக்கு ஷுஐபு நபி (அலை) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்த வரலாற்றில் கொடுங்கோல் மன்னன் ஒருவனும் குறிப்பிடப்படவில்லை. அங்கே பாவம் நடந்த இடம் அரண்மனையன்று, கடைத் தெருவாகும். அளவையிலும் நிறுவையிலும் குறைத்தார்கள். பிறர் பொருளுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க மறுத்தார்கள். தராசின் முள் சாய்ந்ததற்காக ஓர் ஊரே அழிந்தது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. யூசுபு நபி (அலை) அவர்கள் மிஸ்ரு தேசத்தில் எவருடைய ஆட்சியில் பணி செய்தார்கள்? தம்முடைய மார்க்கத்தைச் சாராத ஓர் அரசனுடைய ஆட்சியில். அந்த ஆட்சி முறையை அவர்கள் அமைக்கவில்லை. ஆயினும் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு ஏற்றார்கள். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து, ஏழாண்டுப் பஞ்சத்தில் நேர்மையாகப் பங்கிட்டார்கள். ஆட்சி யாருடையதாயினும், பொருளை நீதியாகக் கையாளும் கடமை முஃமினை விட்டு நீங்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ?

ஸபா நாட்டு ராணி பல்கீஸையும் நினைத்துப் பாருங்கள். முடி சூடிய அரசி. ஆனால் சுலைமான் நபி (அலை) அவர்களின் கடிதம் வந்ததும், தன் பிரதானிகளைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்வதில்லை என்றாள். சிங்காசனத்தில் இருந்துகொண்டே ஆலோசனை கேட்கவும் முடியும். வாக்குப் பெட்டியின் வழியாக வந்தும் ஆலோசனை கேளாதிருக்கவும் முடியும்.

நாயகம் (ஸல்) அவர்களும் நாற்பெரும் கலீபாக்களும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கி.பி. 632-ல் ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களைத் தோழர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்தனர். 634-ல் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் முந்திய கலீபாவால் குறிப்பிடப்பட்டு, மக்களால் ஒப்புக்கொள்ளப்பட்டார்கள். 644-ல் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களை ஆறு பேர் அடங்கிய ஆலோசனைக் குழு தேர்ந்தெடுத்தது. 656-ல் ஹழ்ரத் அலி (ரலி) அவர்கள் குழப்பமான சூழ்நிலையில் மதீனாவாசிகளின் பைஅத்தைப் பெற்றார்கள். நால்வர் வந்த வழியும் நான்கு வழி. ஆலோசனை வேண்டும், நீதி வேண்டும், அமானத் வேண்டும் என்று மார்க்கம் அடிப்படையை வகுத்ததேயன்றி, ஒரே வடிவத்தை அச்சில் வார்த்துக் கொடுத்துவிடவில்லை.

ஆனால் பொருள் விஷயத்தில் சட்டங்கள் திட்டமாக வகுக்கப்பட்டிருக்கின்றன. வட்டி ஹராம். ஜகாத் கடமை, அதைப் பெறுவோர் எட்டு வகையினர் என்று தௌபா சூராவிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. வாரிசுப் பங்குகள் நிஸா சூராவிலே கணக்கிட்டுச் சொல்லப்பட்டிருக்கின்றன. செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்ற கருத்து ஹஷ்ர் சூராவிலே வருகிறது. 632-ல் இறுதி ஹஜ்ஜின்போது வட்டிக் கடன்களை ரத்துச் செய்த நாயகம் (ஸல்) அவர்கள், முதன்முதலில் ரத்துச் செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியைத்தான். சட்டம் முதலில் தம் வீட்டு வாசற்படியைத்தான் தொட வேண்டுமென்று அவர்கள் காட்டினார்கள்.

அப்படியானால் இஸ்லாம் முதலாளித்துவமா, பொதுவுடைமையா? இரண்டு பெயரும் அதற்குப் பொருந்துவதில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைக் கட்டுப்படுத்துமாறு தோழர்கள் கேட்டனர். எவருக்கும் அநீதி செய்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு மறுத்துவிட்டார்கள். இதைக் கேட்டு வியாபாரிகள் மகிழலாம். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். யமன் நாட்டு மஃரிபிலுள்ள உப்பு நிலத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்டபோது முதலில் கொடுத்தார்கள். அது வற்றாத நீரூற்றைப் போல் யாவருக்கும் எளிதில் கிடைக்கக்கூடியது என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சந்தை உண்டு, சந்தைக்கு வேலியும் உண்டு. தனியுடைமை உண்டு, எல்லோருக்கும் பொதுவானதைத் தனியொருவன் மடக்கிக்கொள்ள இடமில்லை.

ஈராக்கின் வளமான நிலங்கள் வெற்றி கொள்ளப்பட்டபோது, அவற்றைப் போர் வீரர்களுக்குப் பங்கிட வேண்டுமென்று பலர் வற்புறுத்தினர். "பின்னால் வரப்போகும் சந்ததிக்கு என்ன மிஞ்சும்?" என்பது கலீபா உமர் (ரலி) அவர்களின் கவலை. அவர்கள் அதிகாரத்தைக் கொண்டு வாயை அடைக்கவில்லை. முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் கூட்டி, நாட்கணக்கில் வாதிக்கவிட்டு, ஹஷ்ர் சூராவை ஆதாரமாக எடுத்துக் காட்டி, இணங்கச் செய்தார்கள். நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. அதன் வரி பைத்துல்மாலுக்கு வந்தது. இதைப் பிற்காலத்தில் இமாம் அபூயூசுப் அவர்கள் தம் கிதாபுல் கராஜில் எழுதிவைத்தார்கள். எடுத்த முடிவு பொருளாதார முடிவு. எடுத்த விதமோ ஷூரா. இரண்டும் வேறு வேறாயினும், ஒன்றோடொன்று எவ்வாறு கைகோத்து நடக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணமாகும்.

கைகோப்பதில் அபாயமும் உண்டு. அதிகாரம் செல்வத்தைத் தேடும். செல்வம் அதிகாரத்தை விலைக்கு வாங்கும். திருக்குர்ஆன் பிர்அவ்னையும் காரூனையும் சேர்த்தே பெயர் சொல்லும் இடங்களும் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். கலீபாவான பின்பு ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணி மூட்டையைச் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் அவர்களைத் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் போதுமான படியை ஏற்பாடு செய்தனர். ஆளுகிறவர் வியாபாரத்தில் இறங்கினால் குடிகளின் தொழில் கெடும் என்று, 1377-ல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஒரே கையில் செங்கோலும் தராசும் சேர்ந்துவிட்டால் அந்தத் தராசைச் சோதிக்க யார் வருவார்?

நாம் வாழும் நாடுகளையும் பார்ப்போம். மலேசியாவில் ஒன்பது ஆட்சியாளர்கள் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக் காலத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கின்றனர். மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றமும் இருக்கிறது. தனியார் வியாபாரம் செழித்திருக்க, 1956-ல் ஏற்பட்ட பெல்டா நிலமற்றோரைக் குடியேற்றிற்று. 1974-ம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோலிய வளம் பெட்ரோனாஸ் வசமாயிற்று. சிங்கப்பூர் 1965 முதல் குடியரசு. உலகச் சரக்குகளுக்குத் திறந்த துறைமுகம்; ஆயினும் குடியிருப்பாளரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர், 1960-ல் தொடங்கப்பட்ட வீடமைப்புக் கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். புத்தகத்திலுள்ள எந்தப் பெயர்ச் சீட்டையும் இந்நாடுகளின் மீது முழுமையாக ஒட்ட முடியாது.

இப்போது அந்த நாலாவது சகோதரரிடம் திரும்புவோம். கிலாபத் வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றாரே, அவரிடம்.

மலாய்க் கிராமத்து மக்கள், வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகாமல், வீட்டிலேயே காசைப் பதுக்கி, நிலத்தையும் கால்நடைகளையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், திரும்பி வந்து வறுமையில் வாடுவதைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் கண்டார். 1959-ல் ஒரு திட்டம் எழுதினார். 1963-ல் ஹஜ்ஜுச் சேமிப்பு நிறுவனம் தொடங்கிற்று. இன்று தாபோங் ஹாஜி என்று நாம் அழைப்பது அதுவே. 1983-ல் மலேசியாவின் முதல் இஸ்லாமிய வங்கி தோன்றிற்று. சிங்கப்பூரில் 1968-ல் அமைந்த முஸ்லிம் சமய மன்றம் ஜகாத்தை முறையாகத் திரட்டிப் பங்கிட்டு வருகிறது. இவற்றில் ஒன்றுக்காவது ஆட்சி முறை மாறும்வரை காத்திருந்தார்களா? இல்லை. யூசுபு நபியின் வழியிலே, இருக்கின்ற ஆட்சியில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

நம் கையிலும் ஒரு சிறு பொருளாதாரம் இருக்கிறது, சகோதரர்களே. அதற்கு எந்தப் பிரதமரும் பொறுப்பாளியல்லர்.

நம் கடைகளில் வேலை செய்யும் சிப்பந்திகளைக் கேளுங்கள். பெர்மிட்டுக்காக ஊரிலே ஏஜண்டிடம் கடன்பட்டு வந்த பையன், அந்தக் கடனை அடைக்கவே எத்தனை மாதம் உழைக்கிறான்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நாயகத்தின் உம்மத்தாகிய நாம், சம்பளத்தை இரண்டு மாதம் பிடித்து வைத்துக்கொண்டு, முதலாளித்துவம் கொடியது என்று மேடையில் பேசலாமா? ஊரிலே வாப்பா மௌத்தானதும், சகோதரியிடம் "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே" என்று சொல்லி, அல்லாஹ் எழுதி வைத்த பங்கை மறைத்துவிடுகிறவர்கள் நம்மில் இல்லையா? அந்தப் பங்கைக் கொடுக்க வேண்டாமென்று எந்தச் சர்க்கார் தடுத்தது? 85 கிராம் தங்கத்தின் மதிப்பளவு பணம் ஒரு வருஷம் கையிலிருந்தால் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் என்பதை அறிந்தும், கல்லாவையும் சரக்கையும் கணக்குப் பார்க்காமல் ரமலானில் சில்லறையை மட்டும் வீசுகிறோமே, இது எந்த முறையில் சேரும்?

நம் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சிறு அரசாங்கங்களே. அங்கேயும் அந்த இரண்டு கேள்விகள் உண்டு. நிர்வாகிகள் எப்படி வந்தார்கள் என்பது ஒன்று. பொதுப் பணம் எப்படிப் போயிற்று என்பது மற்றொன்று. தேர்தல் ஒழுங்காக நடந்தது என்பதனால் கணக்கும் ஒழுங்காகிவிடாது. கணக்கு ஒழுங்காயிருக்கிறது என்று சொல்லி, இருபது வருஷமாகக் கூட்டமே கூட்டாமலிருப்பதும் நியாயமாகாது. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும் அங்கத்தினரைக் கலகக்காரர் என்று எண்ணாமல், அமானத்தைக் காக்க உதவுகிறவர் என்று மதிக்கப் பழகுவோமாக.

பிர்அவ்னை எதிர்க்கும் சந்தர்ப்பம் நம்மில் பலருக்கு வாழ்நாளில் வராமலே போகலாம். காரூனை எதிர்க்கும் சந்தர்ப்பமோ ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கும்போதும் அடைக்கும்போதும் வருகிறது. ஆட்சி முறைகளைப் பற்றி ஆராய்வோம்; வாக்களிக்கும் உரிமையைப் பொறுப்போடு பயன்படுத்துவோம்; அத்துடன் நில்லாமல், நம் தராசை இன்றே நேராக்குவோம். நாளை மஹ்ஷரில், எந்த அரசின் கீழ் வாழ்ந்தாய் என்பதை விட, பொருளை எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவழித்தாய் என்ற கேள்வி நம் ஒவ்வொருவரையும் தனித்தனியே வந்தடையும்.

யா அல்லாஹ்! எங்களை ஆளுவோரின் உள்ளத்தில் நீதியையும், எங்கள் கைகளில் நேர்மையையும் தந்தருள்வாயாக! பிர்அவ்னின் ஆணவத்திலிருந்தும், காரூனின் பேராசையிலிருந்தும், மத்யன் வாசிகளின் தராசிலிருந்தும் எங்களையும் எங்கள் சந்ததிகளையும் காத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.